கதை விரிவாக்கம்: ஜிடிஏ 4-இன் இரண்டு கூடுதல் கதைகள்

ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்ட வீடியோ கேமுக்கு, பின்னால் தனி விலை வைத்து வெளியிடப்படும் புதுக் கதையே கதை விரிவாக்கம். ஊர் முழுக்க மனம்போல் சுற்றலாம், வழியில் போகும் காரைப் பறித்து ஓட்டலாம் என்ற வகைக் குற்றக்கதை ஆட்டங்களில் இது புதிதல்ல. ‘ஜிடிஏ லண்டன் 1969’ என்ற கூடுதல் பகுதி 1999-இலேயே வந்தது. மூல ஆட்டத்தின் டிஸ்க் கையில் இருந்தால்தான் அது ஓடும். அது ஊரையே மாற்றியது: அமெரிக்க நகரங்கள் போய் லண்டன் வந்தது. பத்தாண்டு கழித்து ராக்ஸ்டார் நார்த் நிறுவனம் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ (சுருக்கமாக ஜிடிஏ 4) ஆட்டத்துக்கு (2008) இரண்டு விரிவாக்கங்கள் செய்தபோது நேர்எதிர் வழியில் போனது. 2009 பிப்ரவரி 17-இல் ‘தி லாஸ்ட் அண்ட் டேம்ன்ட்’, அதே ஆண்டு அக்டோபர் 29-இல் ‘தி பேலட் ஆஃப் கே டோனி’. இரண்டிலும் நியூயார்க்கைப் பார்த்து வரைந்த அதே லிபர்டி சிட்டிதான். ஊர் வளரவில்லை, பார்க்கும் ஆள் மாறினான். இவ்வகை ஆட்டங்களில் விரிவாக்கம் என்ற சொல்லுக்கு இன்றுவரை இதைவிட நல்ல பொருள் யாரும் தரவில்லை என்றே சொல்லலாம்.

மூல ஆட்டத்தின் புகழ்பெற்ற வங்கிக் கொள்ளையிலேயே இதைப் பார்க்கலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய நிக்கோ பெல்லிக், மெக்ரியரி சகோதரர்களோடு சேர்ந்து வங்கிக்குள் நுழைகிறான். பிணைக்கைதிகள் தரையில் கிடக்கிறார்கள்; அவர்களில் ஒருவன் வீரம் காட்டித் துப்பாக்கியை எடுக்கிறான். நிக்கோவாக ஆடுபவருக்கு அந்தக் கூட்டம் வெறும் பின்னணி. ‘கே டோனி’ தொடங்குவதே அந்தத் தரையில்தான். நைட் கிளப் முதலாளி டோனியின் மெய்க்காவலன் லூயிஸ் லோபஸ் அங்கே குப்புறக் கிடக்கிறான். பக்கத்தில் கிடக்கும் அந்த ‘வீரன்’ வாய்ச்சவடால் அடிக்க, சும்மா இருக்கச் சொல்லிப் பார்க்கிறான். ஒன்றரை ஆண்டு முன்பு ஆட்டக்காரர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போன ஒரு முகத்தின் வழியாகத்தான் இனி முழுக் கதையும் நடக்கும். லிபர்டோனியன் மியூசியத்தில் நடக்கும் வைர பேரமும் இப்படித்தான். நிக்கோவின் கதையில், யாரென்றே தெரியாத ஒருவன் உள்ளே பாய்ந்து சுட்டு வியாபாரத்தைக் கெடுக்கிறான். பைக் கும்பல்காரன் ஜானி க்ளெபிட்ஸின் கதையான ‘தி லாஸ்ட் அண்ட் டேம்ன்ட்’ ஆட்டத்தில் அது பணத்தோடு தப்பி ஓடும் நேரம். லூயிஸின் கதையில், முதலாளியிடமிருந்து பறிபோன சரக்கை மீட்கும் வேலை. மூன்று கதைகளையும் ஆடி முடித்தவருக்கே வைரங்கள் போன பாதை முழுதாகப் புரியும். கடைசியில் அவை வீடற்ற ஒருவர் கையில் போய்ச் சேர்கின்றன.

தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த உத்தி அந்நியமில்லை. ‘அந்த நாள்’ (1954), ‘விருமாண்டி’ (2004) இரண்டும் ஒரே நடப்பைப் பலர் வாயால் சொன்ன படங்கள். ஆனால் விருமாண்டியும் கொத்தாளத் தேவரும் சொல்வது ஒன்றையொன்று மறுக்கும். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். லிபர்டி சிட்டியில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும், அவ்வளவே. சென்னைக்காரருக்குக் கிண்டியைச் சொன்னால் விளங்கிவிடும். 2024 செப்டம்பரில் குத்தகை வாடகைப் பாக்கியைக் காரணம் காட்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வைத்தது. லாயத்தில் குதிரை பார்ப்பவருக்கு அது பிழைப்பு. வருவாய்த் துறை ஊழியருக்கு முடிக்க வேண்டிய ஃபைல். 1958-இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் லேத் ஓட்டப் போகிறவருக்குப் பஸ் ஜன்னல் வழியே தெரிந்த போலீஸ் கூட்டம். நடந்தது ஒன்றுதான்.

பழைய ஊரையே திரும்ப விற்பது ஏமாற்று வேலை என்பது அன்றே எழுந்த ஆட்சேபம். புதுத் தெரு இல்லை, புதுத் தீவு இல்லை, எதற்கு இருபது டாலர்? ஊர் மாறாவிட்டாலும் அதில் நடமாடும் விதம் மாறியதே இதற்குப் பதில். ஜானியின் கதையில் திரையே மணல் தூவியதுபோல் மங்கித் தெரியும். கும்பலோடு வரிசை பிசகாமல் பைக் ஓட்டினால் உடல்நிலை தேறும். நிக்கோவுக்குத் தனிமையாக இருந்த சாலைகள் இங்கே கூட்டத்தின் சாலைகள். லூயிஸுக்குப் பாராசூட் கிடைக்கிறது. அண்ணாந்து பார்த்த கட்டடங்களை மேலிருந்து பார்க்கிறோம். ஊரைக் கட்டும் செலவு முன்பே முடிந்துவிட்டதால்தான் கதைக்கு இவ்வளவு உழைப்பு மிஞ்சியது. ‘சைபர்பங்க் 2077’ ஆட்டத்தின் ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ (2023) டாக்டவுன் என்ற புதுப் பகுதியைச் சேர்த்தும் வென்றதே என்று கேட்கலாம். உண்மைதான், புது நிலம் கெடுதல் செய்யாது. ஆனால் அங்கே நாயகன் பழைய ஆளேதான். முன்பு ஆடிய காட்சி எதுவும் அதனால் வேறு பொருள் பெறுவதில்லை.

வணிகம் பற்றிய ஆட்சேபத்துக்குத்தான் பதில் சொல்வது கடினம். இரண்டு விரிவாக்கங்களும் முதலில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மட்டும் கிடைக்க மைக்ரோசாஃப்ட் 5 கோடி டாலர் கொடுத்தது. பிளேஸ்டேஷன் 3, கணினி வைத்திருந்தவர்கள் 2010 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். கணினியிலேயே இத்தொடரைப் பழகிய நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்கு, முதல் விரிவாக்கம் 14 மாதம் பழையதாகித்தான் எட்டியது. ஒன்றோடொன்று கோத்த மூன்று கதைகளில் இரண்டைப் பூட்டி வைத்தால், முதல் கதையும் அரைகுறைதான்.

அடுத்த ஆட்டமான ஜிடிஏ 5 (2013) இந்த உத்தியை மூலக் கதைக்குள்ளேயே எடுத்துக்கொண்டு, மூன்று நாயகர்களோடு வந்தது. அதற்கு 2014-இல் கதை விரிவாக்கம் வரும் என்ற அறிவிப்பும் வந்தது, வரவே இல்லை. உழைப்பும் வருமானமும், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஜிடிஏ ஆன்லைன் பக்கம் போய்விட்டன. ஆனால் ஜிடிஏ 5-இன் மூன்றாம் நாயகன் ட்ரெவர் அறிமுகமாகும் காட்சியில், தாடிக்கார பைக் ஆள் ஒருவனை அவன் தரையில் தள்ளி மிதித்தே கொல்கிறான். மூல ஆட்டங்களை மட்டும் ஆடியவருக்கு அவன் எப்போதோ மியூசியத்தில் வந்துபோன ஒருவன். 2009-இல் பிப்ரவரி விரிவாக்கத்தை வாங்கியவர், அவனாகவே பல மணி நேரம் பைக் ஓட்டியவர். அவன் ஜானி க்ளெபிட்ஸ்.