தலைமைப் பயிற்சியாளர் இல்லாத களம்: கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சிப் பணியின் வரலாறு

வேடசந்தூரில் பள்ளி முடித்த ஒரு பெண் கூடைப்பந்தையே பிழைப்பாக்கிக்கொள்ள நினைத்தால், எந்தப் பதவியைக் குறிவைப்பது? அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் அணிக்கென்றே தலைமைப் பயிற்சியாளர் உண்டு. தமிழகத்து அரசு கலைக் கல்லூரிகளில் இருப்பது உடற்கல்வி இயக்குநர் பணியிடம். மாணவிகள் வாயில் அவர் ‘பி.டி. மேடம்’. கபடி, வாலிபால், தடகளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அவரே கூடைப்பந்துக்கும் பொறுப்பு. இது நம்மூர்க் குறை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்தப் பணியின் தொடக்கமே அப்படித்தான்.

1891 டிசம்பரில் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை வகுத்தார். அடுத்த ஆண்டே அருகிலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு அதைக் கொண்டுபோனவர் அங்கே உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன். மாணவிகள் களைத்துவிடக் கூடாதென்று களத்தை மூன்றாகப் பிரித்தார். அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது. 1893 மார்ச்சில் நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. பெண்கள் கூடைப்பந்தின் முதல் கல்லூரிப் பயிற்சியாளர் என்று சொல்லத்தக்கவர், ஆக, ஒரு பி.டி. மேடம்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஓர் ஆட்டத்தில் மட்டும் தேர்ந்தவரை அல்ல, பல ஆட்டங்களையும் நடத்தத் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவதே அந்தப் படிப்பின் நோக்கம். நம் கல்லூரிகளின் உடற்கல்விப் பணியிடம் இன்றும் அந்த வார்ப்பில்தான் இருக்கிறது.

1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் (என்.ஐ.எஸ்.) வந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. ‘என்.ஐ.எஸ். முடித்தவர்’ குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தின் பயிற்சியாளர். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் போன்ற அமைப்புகளில்தான் அவருக்கு வேலை. கல்லூரிப் பணியிடத்துக்கோ பொதுவாக உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். பட்டமும், நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். ஆட்டத்தின் நுணுக்கம் ஒரு வாசலில், கல்லூரி வேலை இன்னொரு வாசலில். என் பார்வையில் விரிசல் விழுந்த இடம் இதுவே. பணப் பற்றாக்குறை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அமெரிக்காவில் பதவியைத் தனியாகப் பிரித்தெடுத்தது சட்டம். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் ஒன்பது’ 1972-இல் வந்தது. 1974-இல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பொறுப்பேற்ற பேட் சம்மிட்டுக்கு வயது 22, மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் சீருடையைத் துவைத்தவரும் அவர், வேன் ஓட்டியவரும் அவர். நம்மூர் மேடங்களுக்கு இந்தக் கதை புதிதாகவே இருக்காது. 2012-இல் 1,098 வெற்றிகளோடும் 8 தேசியப் பட்டங்களோடும் அவர் ஓய்வுபெற்றபோது அந்தப் பதவி பெரும் பணம் புழங்கும் தொழிலாகியிருந்தது. பணம் வந்ததும் ஆண்களும் வந்தார்கள்: எல்லா ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், 1972-இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள், பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது.

இங்கே நல்ல ஆட்டக்காரியை இழுத்துக்கொண்டது ரயில்வே. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை கிடைக்கும்போது எம்.பி.எட். படிக்க யார் காத்திருப்பார்? சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவியானார். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பணியாற்றியது தெற்கு ரயில்வேயில். அந்த அனுபவம் கல்லூரிக்குள் வர எளிதான நேர்வழி அமையவில்லை.

வேடசந்தூர்ப் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது எம்.பி.எட். வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, 30 வயது வரையுள்ள பெண் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரை ஓடியோ நடந்தோ கடந்து காட்ட வேண்டும். கல்லூரிகளுக்கிடையிலோ பல்கலைக்கழகங்களுக்கிடையிலோ, மாநில, தேசிய அளவிலோ போட்டியில் ஆடிய சான்றும் கேட்பார்கள். அது எந்த ஆட்டமாகவும் இருக்கலாம்.