விடியற்காலைக் கணக்கு: பராமரிப்பு இல்லங்களின் பாதுகாப்பை எந்த நேரத்தில் அளப்பது?

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை ஐந்து மணியளவில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. 28 பேர் இறந்தனர். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். இதைப் பற்றி அன்று முதல் எழுதப்பட்டவை பெரும்பாலும் மனித உரிமை மீறல், மூடநம்பிக்கை என்ற இரண்டு தலைப்புகளில் அடங்கிவிடும். இரண்டும் சரிதான். ஆனால் சங்கடமான ஒன்று அவற்றில் விடுபட்டுப்போகிறது. காப்பகம் நடத்தியவர்கள் கண்ணில் அந்தச் சங்கிலியே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ஓடிப்போகக் கூடாது, சாலையில் அடிபடக் கூடாது, பக்கத்தில் படுத்திருப்பவரை அடிக்கக் கூடாது, அதற்காகத்தான் கட்டினார்கள். கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் பலவும் அதை அப்படித்தான் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

பராமரிப்பு இல்லங்களில் நடக்கும் பெருங்கேடுகளில் பல, பாதுகாப்பில் அக்கறை இல்லாததால் மட்டும் வருபவை அல்ல. ஆள் பற்றாக்குறையைப் பூட்டாலும் கட்டாலும் ஈடுகட்டி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதால் வருபவை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆகவே ஓர் இல்லத்தின் பாதுகாப்பை அங்கே ஆட்கள் மிகக் குறைவாக விழித்திருக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும்.

ஏர்வாடிக்குப் பின் அரசு விரைந்து செயல்பட்டது. ஒரே வாரத்தில் அவ்வகைக் காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, இத்தகைய இடங்களைக் கணக்கெடுக்க மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உரிமம் பெறுவதை ஏற்கனவே கட்டாயமாக்கியிருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. சங்கிலியால் கட்டுவதை அது முற்றிலும் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்காமல் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவுசெய்ய வேண்டும். சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நாற்பது பேருக்கு ஒற்றை ஆயா இருக்கும் இடத்தில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றப்போவது யார்?

இது ஏழை நாட்டுச் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. ஸ்காட்லாந்தின் உடிங்ஸ்டன் ஊரில் இருந்த ரோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் கீற்றும் இல்லை, சங்கிலியும் இல்லை. எச்சரிக்கை மணி இருந்தது. 2004 ஜனவரி 31 அன்று, அதுவும் விடியற்காலை நாலரை மணியளவில், மேல்தளத்தில் ஓர் அலமாரி அறையில் தீ மூண்டது. துணிமணிகள் வைக்கும் அந்த அறையிலேயே மின் பகிர்மானப் பெட்டியும் இருந்தது. மணி அடித்தது. பணியில் இருந்த நான்கு பேரும் தீ எங்கே என்று தேடினார்கள். கட்டுப்பாட்டுப் பலகை காட்டிய பகுதியை அவர்களால் சரியாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. தீயணைப்புத் துறைக்குத் தகவல் போவதற்குள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் கழிந்துவிட்டது. இறந்தவர்கள் 14 பேர். அவர்களைக் கொன்றது நெருப்பைவிடப் புகைதான். படுக்கையறைக் கதவுகள் பல திறந்து கிடந்தன. இரவில் முதியவர்களைக் கண்காணிக்க வசதி என்பது கதவைத் திறந்து வைக்க எப்போதும் சொல்லப்படும் காரணம். அந்தக் கதவுகள் மூடியிருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்பது 2011இல் வெளிவந்த விசாரணைத் தீர்மானத்தின் முக்கியமான முடிவுகளில் ஒன்று.

ஏர்வாடியில் கட்டியதும் ரோஸ்பார்க்கில் திறந்து வைத்ததும் நேர்எதிரான செயல்கள்போலத் தோன்றும். இரண்டும் செய்த வேலை ஒன்றே: குறைந்த ஆட்களைக் கொண்டு நிறையப் பேரைப் பார்த்துக்கொள்ள வழிசெய்தன. இரண்டிலும் சுமை உள்ளே படுத்திருந்தவர்மேல் போய் விழுந்தது.

தீ அடிக்கடி நடப்பதில்லை. கட்டில் தடுப்புக் கம்பி தினசரிச் செய்தி. மறதிநோய் உள்ள மூதாட்டி இரவு மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுகிறார். அழைப்பு மணி எதற்கென்பது அவருக்கு நினைவில் இல்லை. பக்கவாட்டுக் கம்பியைத் தாண்டிக் காலைப் போடுகிறார். கம்பி இல்லாதிருந்தால் கட்டில் உயரத்திலிருந்து விழுந்திருப்பார். இப்போது அதற்கும் மேலிருந்து விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. அடுத்த நாள் பதிவேட்டில் ‘தடுப்பு போடப்பட்டிருந்தது’ என்று எழுதலாம். அந்த வரி இல்லத்தைக் காப்பாற்றும். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், ஒழுங்குக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ யாரையும் கட்டக் கூடாது, மருந்தாலும் மயக்கி வைக்கக் கூடாது என்றது. அதன்பின் உடலைக் கட்டும் வழக்கம் அங்கே வெகுவாகக் குறைந்தது.

மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானது. வாசல் திறந்திருந்தால் வழிதவறிப் போகிறவர் இருக்கிறார். அவரைத் தேடி ஊரெல்லாம் அலைந்த மகளிடம் சுதந்திரம் பற்றிப் பேசுவது எளிதல்ல. பூட்டே கூடாது என்பதல்ல என் நிலை. மணி அடித்ததும் தானே விடுபடும் பூட்டு வேறு, யாரோ ஒருவர் இடுப்பில் தொங்கும் சாவி வேறு. முதல் வகையில் இல்லத்தின் பொறுப்பு கருவியில் தொடர்கிறது. இரண்டாவதில் அது தூங்கப் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் உரிமம் கொடுப்பதற்கு முன் கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று, படுக்கை எண்ணிக்கை எல்லாம் கேட்கப்படுகின்றன. கூடவே ஒரு கேள்வி சேர வேண்டும்: தானாக நடக்க முடியாத எல்லோரையும், இரவுப் பணியில் உண்மையில் இருப்பவர்கள் மட்டும், எத்தனை நிமிடத்தில் புகை எட்டாத அடுத்த பகுதிக்குக் கொண்டுபோவார்கள்? மாடிப்படி இறக்க வேண்டியதில்லை. புகை தாங்கும் கதவுக்கு அப்பால், அதே தளத்தில், விரிப்போடு இழுத்துப் போனால் போதும். இதைப் பகலில் பத்துப் பேரை வைத்து ஒத்திகை பார்த்துப் பயனில்லை. முன்னறிவிப்பின்றி இரவில் பார்க்க வேண்டும். விடை திருப்தியாக இல்லாவிட்டால் படுக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது ஆளைக் கூட்ட வேண்டும்.

ஆளைக் கூட்டினால் கட்டணம் உயரும். நன்கொடையில் ஓடும் இல்லங்களால் அதைத் தாங்க முடியாது; மூடினால் உள்ளே இருப்பவர்கள் தெருவுக்கு வருவார்கள். அதனால் வசதியற்றோர் இல்லங்களுக்கு இரவுப் பணியாளர் ஊதியத்தையாவது அரசு நேரடியாக ஏற்க வேண்டும். அந்தச் செலவை ஏற்காமல் விதிகளை மட்டும் கூட்டினால், இல்லங்கள் பதிவுசெய்யாமலே நடக்கும். உள்ளே என்ன பூட்டு இருக்கிறது என்று பார்க்க யாரும் போக மாட்டார்கள்.