வடலூர்ல யாரும் பேர் கேட்கலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. சிதம்பரத்துக்காரன்கிறதால எனக்கு இது ஊர்க்கதை. கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கங்க மக்களே.

சின்ன வயசுல தைப்பூசத்துக்குப் பாட்டி என்னை வடலூருக்குக் கூட்டிட்டுப் போவாங்க. புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியா பஸ். ஜோதி பார்த்துட்டு நேரா தருமச்சாலைப் பந்தி. முதல் தடவை சாப்பிட்டு எழுந்ததும், "பாட்டி, காசு யார்கிட்ட குடுக்கணும்?"னு கேட்டேன். "பசின்னு வந்தவனை இங்க பேரே கேக்க மாட்டாங்கடா, காசா கேப்பாங்க?"ன்னு சிரிச்சாங்க.

அந்தப் பதிலோட அர்த்தம் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மருதூர்ல 1823-ல் பிறந்த ராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்னிக்கு வடலூர்ல சத்திய தருமச்சாலையை ஆரம்பிச்சார். நிலம் குடுத்தவங்க பார்வதிபுரத்துக்காரங்க, சுமார் 80 காணி. அன்னிக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையலைன்னு எங்க பக்கம் பெருமையா சொல்வோம். 1993-ல் தென்னாற்காட்டைப் பிரிச்சப்போ கடலூர் மாவட்டத்துக்கு முதல்ல வெச்ச பேரே தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்தான்.

இதை 'அன்னதானம்'னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடறோம். ஒரு உதவித் திட்டமா எடுத்துப் பாருங்க. யாருக்கு? சாதி, மதம், ஊர் எதுவும் பார்க்காம, பசிச்ச எல்லாருக்கும். எப்போ? திருவிழா அன்னிக்கு மட்டும் இல்ல, தினமும். 'நிஜமாவே ஏழையா?'ன்னு சோதனை? கிடையாது. பசிக்காதவன் தரையில உட்கார்ந்து பந்தியில ஏன் காத்திருக்கப் போறான்? அப்படியே ஒருத்தன் உட்கார்ந்தாலும் நஷ்டம் ஒரு இலைச் சோறு. அவனைப் பிடிக்கிறதுக்காக வாசல்ல ஆள் போட்டா, கூச்சப்பட்டு நிக்கிற நிஜப் பசிக்காரன்தான் முதல்ல திரும்பிப் போவான்.

இதுக்கு நேர் எதிரான திட்டம் பத்தே வருஷத்துல வந்துச்சு. 1876-78 தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம் முழுக்க ஜனங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்தாங்க. செலவைக் குறைக்கிறதுக்காக அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877-ல் நிவாரண வேலை செய்யற ஆம்பளைக்கு ஒரு நாள் கூலியைக் குறைச்சார். ஒரு பவுண்டு (450 கிராம் சொச்சம்) தானியத்தோட விலையும், மேல ஒரு அணாவும். கூலி வேணும்னா வீட்டை விட்டுத் தூரமா இருக்கற முகாமுக்குப் போய் உழைக்கணும். கஷ்டமா வெச்சாத்தான் 'உண்மையான' ஏழை மட்டும் வருவான்கிற கணக்கு! மாகாண சுகாதார கமிஷனரா இருந்த கார்னிஷ், இந்த அளவு சாப்பாட்டுல உடம்பு தாங்காதுன்னு எதிர்த்தார். சில மாசம் கழிச்சு கூலியை ஏத்தினாங்க. அதுக்குள்ள போன உசுரு போனதுதான்.

அப்போ பட்டியலே போடாம எல்லாருக்கும் கதவைத் திறந்து வெச்சா போதுமா? போதாதுன்னு சொல்ற கதையும் எங்க ஊர்லதான் இருக்கு.

1910-ல் சிதம்பரத்துக்கு வந்தவர் சுவாமி சகஜானந்தர். 1890-ல் ஆரணி பக்கம் ஒரு தலித் குடும்பத்துல பிறந்தவர். பள்ளிக்கூடக் கதவு சட்டப்படி எல்லாருக்கும் திறந்திருந்தாலும், சேரிப் பிள்ளை உள்ள போய் பெஞ்சுல உட்கார முடியாத காலம். அதனால 1916-ல் ஓமக்குளத்துல நந்தனார் பேர்லயே பள்ளிக்கூடம் தொடங்கினார். வெளியூர்ப் பிள்ளைங்க தங்கிப் படிக்க விடுதியும் வந்துச்சு. சோறும் படுக்க இடமும் இல்லாம படிப்பு மட்டும் குடுத்தா அது நிக்காதுன்னு அவருக்குத் தெரியும். சட்டசபையில பல வருஷம் இருந்து, 1959-ல் காலமானார். அவர் தொடங்கின பள்ளி இன்னும் நடக்குது.

வடலூர்ல 'யார் நீ?'ன்னு கேட்காததுதான் சரி. ஓமக்குளத்துல 'யாரை இதுவரைக்கும் உள்ள விடலை?'ன்னு கேட்டதுதான் சரி. ரெண்டுக்கும் ஒரே அக்கறைதான், வெளிய நிக்கிறது யாருன்னு பார்க்கிற அக்கறை.

இப்ப என் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமி. தமிழ்நாட்டுல பெரிய அடி வாங்கின மாவட்டங்கள்ல கடலூரும் ஒண்ணு. ஜனவரியில நண்பர்கள் சிலர் சேர்ந்து கிள்ளைப் பக்கம் சாமான் குடுக்கப் போனோம். நோட்டு என் கையில. படகு போனவங்க, வலை போனவங்கன்னு மீனவர் குப்பத்துல கேட்டுக் கேட்டு எழுதின சுத்தமான பட்டியல். எனக்கு அதுல ரொம்பப் பெருமை வேற.

ஓரமா ஒரு அம்மா நின்னுக்கிட்டே இருந்தாங்க. இருளர். அந்தக் கழிமுகத்துல தண்ணிக்குள்ள இறங்கி, கையால தடவி எறா பிடிக்கிறவங்க.

"உங்க படகு என்னாச்சும்மா?"

"எங்களுக்கு ஏது தம்பி படகு? கையாலதான் புடிக்கிறோம். அப்ப எங்களுக்கு இல்லியா?"

நான் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். பதிலா அதைத்தான் செஞ்சேன். அவங்க பேசாம போயிட்டாங்க.

அடுத்த வாரம் அவங்க குடியிருப்புக்கே போய், வேற நோட்டு போட்டு, அரிசி, பாத்திரமெல்லாம் குடுத்தோம். அந்த அம்மாவை மட்டும் அங்க பார்க்கலை. பேர் சொல்லி விசாரிக்கலாம்னா, அன்னிக்கு நான் அவங்க பேரைக் கேட்கவே இல்லை. வடலூர்லயும் பேர் கேட்க மாட்டாங்க. ஆனா அங்க சோறு போட்டுட்டுக் கேட்காம இருந்தாங்க. நான் ஒண்ணும் குடுக்காம கேட்காம இருந்தேன்.

அதுக்கப்புறம் வெள்ளம், புயல்னு எத்தனையோ வந்தாச்சு. இப்பவும் யாராவது பட்டியல் போட உட்கார்ந்தா நான் கேட்கிறது ஒண்ணுதான்: இந்தக் கேள்வியை வெச்சா யார் பேர் விட்டுப்போகும்? முதல்ல அவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க, பட்டியலை அப்புறம் எழுதலாம்.