செந்துறையின் நில ஏடுகளும் கணினி வலையமைப்பும்

அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டத்திலும், தமிழகத்தின் பிற வட்டங்களைப் போலவே, கிரயப் பத்திரங்களைப் பதிவுத்துறையும், நில உரிமையைக் காட்டும் பட்டாவை வருவாய்த்துறையும் தனித்தனியே பேணி வந்ததால், நிலம் கைமாறிய செய்தி ஒரு துறையிலிருந்து மற்றதற்குக் காகிதமாகவே சென்று சேர வேண்டியிருந்தது. கணினிகள் வந்தபின்னும் இப்பிளவு உடனே நீங்கவில்லை. ஒரே தமிழ் எழுத்துக்கு எழுத்துருதோறும் வெவ்வேறு எண் வழங்கப்பட்டிருந்தமையால், ஒரு நிரல் எழுதிய கோப்பில் உரிமையாளரின் பெயர் மற்றொரு நிரலில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது; இதுவும் ஒரு பெரிய தடையாக இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி தாம், தாப் என்னும் குறியீட்டு முறைகள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் அரசு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் வரிசையாகிய யூனிகோடை ஏற்றது. அதன்பின் வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' மென்பொருள், பதிவேடுகளை மையக் கணினியாகிய சர்வரில் வைத்து, வட்ட அலுவலகங்கள் வலையமைப்பு வழியே பயன்படுத்த வழிசெய்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த பதிவுத்துறையின் 'ஸ்டார் 2.0' அதனோடு இணைக்கப்பட்டதால், சார்பதிவாளர் பட்டா விவரத்தைத் தம் திரையிலேயே ஒப்பிடவும், பதிவான கிரயத்தின் தரவு பட்டா மாறுதலுக்காக வருவாய்த்துறையைச் சென்றடையவும் முடிந்தது. உட்பிரிவு செய்ய வேண்டிய நிலத்துக்கு மட்டும் நில அளவர் இன்றும் நேரில் சென்று அளந்தாக வேண்டும்.