சுங்கம் வாங்காத துறைமுகம்

காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்றுறையில், வந்த பொதிகளுக்கும் செல்லும் பொதிகளுக்கும் புலி இலச்சினை இட்டு உல்கு தண்டிய சோழர்தம் அலுவலரைப் பட்டினப்பாலை காட்டும். தமிழ் பயிலும் மாணவர் நன்கறிந்த செய்தி இது. துறை உள்ள இடத்தில் உல்கும் உண்டு என்பதே உலகின் கடற்கரை நகரங்கள் பலவற்றின் வழக்கம். அவ்வழியைத் தானே அடைத்துக்கொண்டு பிறந்த நகரம் சிங்கப்பூர்.

1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஜோகூர் சுல்தானுடனும் தெமெங்கோங்குடனும் உடன்படிக்கை செய்துகொண்ட ராபிள்ஸ், இதனைச் சுங்கமில்லாத் துறைமுகமாக நடத்தப் பணித்தார். அண்டையிலிருந்த டச்சுக்காரர் துறைகளில் வரியும் கட்டுப்பாடும் மிகுந்திருந்தமையால் வணிகர் இங்கே திரண்டனர். பாடநூல்கள் இம்மட்டில் மகிழ்ந்து நின்றுவிடும். காவலர்க்குச் சம்பளமும் சாலைக்குக் கல்லும் எங்கிருந்து வந்தன என்ற வினாவை அவை எழுப்புவதில்லை.

அவ்வினாவை முதன்முதல் எதிர்கொண்டவர் நகரின் முதல் ரெசிடென்டான பார்க்குவார். கருவூலமோ வெறுமை. 1820இல் அவர் அபின், சாராயம், சூதாட்டம் ஆகிய மூன்றையும் குத்தகைக்கு விட்டார். ராபிள்ஸ் இதனை விரும்பவில்லை. 1823இல் சூதாட்டத்தைத் தடை செய்தார். அவர் கப்பலேறிச் சென்றபின் பொறுப்பேற்ற கிராபர்டு அதனை மீண்டும் அனுமதித்தார். 1829இல்தான் சூதாட்டக் குத்தகை ஒழிந்தது. அபின் குத்தகையோ 1910 வரை நீடித்தது.

குத்தகையின் இயக்கம் எளியது. ஏலத்தில் மிகுதியாகக் கேட்டவருக்கு, புகைப்பதற்கேற்பக் காய்ச்சிய அபினை விற்கும் தனியுரிமை கிட்டும். அவர் அரசுக்கு மாதந்தோறும் குறித்த தொகையைச் செலுத்துவார், மிஞ்சுவது அவருக்கே. அரசுக்குத் தண்டல்காரர் படை வேண்டுவதில்லை. கள்ளச் சரக்கைப் பிடிப்பதும் பெரும்பாலும் குத்தகைக்காரரின் கவலையாயிற்று. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. கப்பலில் வந்திறங்கிய பச்சை அபின் பெட்டிக்குச் சுங்கம் இல்லை. அது வணிகரின் சரக்கு. அதே அபின் காய்ச்சப்பட்டு, மிளகுத் தோட்டத்துச் சீனக் கூலியின் குழாய்க்கு வந்தபோது அதன் விலையில் அரசின் பங்கு ஏறியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி இவ்வகையில் வந்தது. உடல்வலி மறக்கப் புகைத்த ஏழையே நகரின் முதன்மை வரிசெலுத்துநன் ஆனான். வரிவிலக்கு என்பது வரி இல்லாமை அன்று; அது தோள் மாறிய சுமை.

பணத்தால் இயலாததை மனித உழைப்பு ஈடுசெய்தது. 1825 ஏப்ரலில் பெங்கூலனிலிருந்து ஏறத்தாழ இருநூறு இந்தியக் கைதிகள் கொணரப்பட்டனர். சென்னை, வங்கம் முதலிய மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டோர் தொடர்ந்து வந்தனர். உணவும் உடையும், நன்னடத்தையால் மேல்வகுப்புக்கு உயர்ந்தோர்க்குச் சிறு படியுமே அவர்கள் பெற்றவை. சதுப்பு நிலத்தை மேடாக்கியவரும் சாலை போட்டவரும் அவரே. இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதியை ஊடறுத்துச் செல்லும் சிராங்கூன் சாலையில், 1858இல் கைதிகளைக்கொண்டு அரசு செங்கல் சூளை அமைத்தது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் கைதிகள் எழுப்பியது. அதன் சுவர்ப்பூச்சு சென்னைச் சாந்து: சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர். நம் ஊர்க் கொத்தனார்களுக்குப் புதிதன்று. 1869இல் முடிந்த ஆளுநர் மாளிகையும், இன்றைய இஸ்தானா, அக்கைகளின் ஆக்கமே. 1873இல் கைதிகள் குடியிருப்பு கலைக்கப்பட்டது. சிராங்கூன் சாலை வட்டாரத்திற்குத் தமிழர் வழங்கிய பெயர் சுண்ணாம்புக் கம்பம்; அங்கிருந்த காளவாய்களால் வந்த பெயர். வீரமாகாளியம்மன் கோயிலும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அழைக்கப்பட்டது.

ஒருதலையாகப் பேசுதல் வரலாறன்று. சுங்கம் விதித்திருந்தால் கப்பல்கள் வேறு துறை நாடியிருக்கும் என்ற வணிகர் வாதத்தில் உண்மையுண்டு. அவருள் ஈகையாளரும் இருந்தனர். நகர்க்கு நன்னீர் கொணர்வதற்கென டான் கிம் செங் 1857இல் 13,000 வெள்ளி வழங்கினார். அத்தொகை உரிய பயன் தராமற் போக, 1882இல் நகராட்சி அவர் பெயரால் ஒரு நீரூற்றை நிறுவி நன்றி காட்டியது. ஆயினும் ஈகை வேறு, வரி வேறு. கொடுப்பவன் மனம் வைத்தால் வருவது ஈகை. கூலியின் குழாயிலிருந்து வந்த பணத்துக்கு அவனுடைய மனம் வேண்டப்படவில்லை.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து முடியாட்சிக் குடியேற்றம் ஆயின. ஆட்சி மாறியும் அபின் மாறவில்லை. 1910இல் குத்தகை முறை ஒழிந்தபோது, அரசே அபினைக் காய்ச்சி விற்கத் தொடங்கியது! அதே காலத்தை ஒட்டி வருமான வரி விதிக்கும் முயற்சி எழுந்து, வணிகரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் வந்த அவ்வரியும் சில ஆண்டுகளில் மறைந்தது. இரண்டாம் போருக்குப் பின்னர், 1946இல் அபின் தடை செய்யப்பட்டது. 1948ஆம் ஆண்டின் முதல் நாளன்று, வணிகரின் எதிர்ப்பை மீறி, வருமான வரி நடைமுறைக்கு வந்தது. நகரம் தோன்றி அப்போது ஏறத்தாழ 129 ஆண்டுகள் ஆகியிருந்தன.