அப்பா கொடுத்த குரல்

முதல் வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கு இரண்டு வாரம் ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். ராத்திரி வீட்டுக்குப் போன் செய்து அதே இழுவையோடு "ஹலோ" என்றால், அம்மா "யாருங்க பேசுறது?" என்பார். விவியன் ஸ்டான்ஷலைக் கேட்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

அவர் பெயர் தெரியாதவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டிருக்கலாம். 1973-இல் வந்த மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ட்யூபுலர் பெல்ஸ்' இசைத்தட்டில், முதல் பக்கம் முடியும் இடத்தில், ராஜசபைக் கட்டியங்காரன் மாதிரி ஒருவர் வாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிவிப்பார். அவர்தான். கேட்டால் ஏதோ பிரபு வீட்டுப் பிள்ளை என்றுதான் தோன்றும்.

இல்லை. 1943-இல் பிறந்து, வால்தம்ஸ்டோவிலும் பிறகு எஸ்ஸெக்ஸ் கடலோரத்திலும் சாதாரணத் தெருக்களில் வளர்ந்தவர். அப்பா கண்டிப்பானவர். மகன் மேட்டுக்குடி ஆங்கிலம்தான் பேசியாக வேண்டும். ஆனால் தெருப்பையன்கள் மத்தியில் அது செல்லுமா? அங்கே தெருப்பேச்சு, வீட்டு வாசலைத் தாண்டினால் வேறு பேச்சு. இன்னொரு விசித்திரம்: மகனுக்கு வைத்த பெயர் விக்டர். அப்பா தனக்கு வேண்டாமென்று கைவிட்ட பெயர்தான் விவியன். மகன் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஓவியக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய பான்ஸோ டாக் குழு 1920-களின் ஜாஸ் பாடல்களைக் கிண்டலும் பிரியமுமாகப் பாடியது. மேடையில் ரோபோக்கள்கூட உண்டு. 1968-இல் அவர்களுடைய ஒரே பெரிய வெற்றிப் பாடல், 'ஐ'ம் தி அர்பன் ஸ்பேஸ்மேன்', ஐந்தாம் இடம் வரை போனது. எழுதியவர் நீல் இன்னஸ். வேறு பெயரில் ஒளிந்துகொண்டு தயாரித்தவர் பால் மெக்கார்ட்னி. அந்தப் பாட்டைவிட எனக்கு முக்கியம் 'சர் ஹென்றி அட் ராலின்சன் எண்ட்'. ஜான் பீலின் வானொலி நிகழ்ச்சியில் தொடங்கி, 1978-இல் இசைத்தட்டானது. இடிந்துகொண்டிருக்கும் மாளிகை, குடிகாரக் கிழப் பிரபு, போர் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அவர் சொந்தச் செலவில் நடத்தும் போர்க்கைதி முகாம்! இசைத்தட்டில் அத்தனை பேருக்கும் குரல் ஸ்டான்ஷலே. வெறும் நையாண்டி என்று இதைச் சொல்ல மாட்டேன். உதை வாங்கிப் பழகிய மொழியின் மேல் ஒருவருக்கு இவ்வளவு ஆசை எப்படி வந்தது என்று இன்னமும் யோசிக்கிறேன்.

குடியும் மன அமைதிக்கான மாத்திரைகளும் கடைசிவரை அவரை விடவில்லை. 1995 மார்ச்சில், வடக்கு லண்டன் வீட்டில் தீப்பிடித்து இறந்தார். வயது 51.

அதற்கு நாலு வருஷம் முன்னால் பிபிசி தொலைக்காட்சியில் தன் இளமையைப் பற்றிப் பேசினார். அப்பாவைக் கண்டாலே நடுக்கம் என்றார். அதைச் சொன்னதும் அதே பிரபுக் குரலில்தான்.