கையெழுத்திட்டவர்களும் நிழல் தந்தவர்களும்



புதுவை நகருக்கு வடக்கே, முத்தியால்பேட்டையை அடுத்து இருப்பது கருவடிக்குப்பம். கடற்கரையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. 1837-இல் சமாதியடைந்த சித்தானந்த சுவாமிகளின் கோயிலும், அமைதியான தெருக்களும் உள்ள ஊர். இங்கேதான் ஒரு காலத்தில் பெரிய மாந்தோப்பு ஒன்று இருந்தது. மகாகவி பாரதியாரின் 'குயில் பாட்டு' அங்கே பிறந்ததால், மக்கள் அதைக் 'குயில் தோப்பு' என்றே அழைக்கிறார்கள்.

பாரதியார் இங்கே உல்லாசப் பயணியாக வரவில்லை. 1908-இல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் மீது ஆங்கில அரசு கைவைத்தபோது, சிறைக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் தஞ்சம் புகுந்தார். ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள். பத்திரிகையும் 1910-இல் நின்றுபோனது. பத்து ஆண்டுகள் வறுமையோடு வாழ்ந்த அந்தக் கவிஞருக்குத் தோப்பின் நிழலைத் திறந்துவிட்டவர், அதன் உரிமையாளரான நண்பர் கிருஷ்ணசாமி செட்டியார்.

1911-இல் இன்னொரு சோதனை வந்தது. வெளியிலிருந்து வந்து புதுவையில் தங்கியிருப்போர், தங்கள் நன்னடத்தைக்குச் சான்றாக ஐந்து கௌரவ நீதிபதிகளின் கையெழுத்தைப் பெற வேண்டும் என்று சட்டம் பிறந்தது. சான்று இல்லையேல் வெளியேற வேண்டும். எல்லையைத் தாண்டினால் ஆங்கிலேயரின் சிறை. அப்போது கையெழுத்துகளைத் திரட்ட முன்னின்றவர் கலவை சங்கர செட்டியார். முந்தைய ஆண்டு புதுவைக்கு வந்த அரவிந்தருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தவரும் அவரே. கையெழுத்திட்டவர்கள், "இவர்களை நாங்கள் அறிவோம்" என்று தங்கள் பெயரை அடகு வைத்தார்கள்.

ஏரோதுக்கு அஞ்சி, சூசையப்பர் இரவோடு இரவாக மரியன்னையையும் பாலன் இயேசுவையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார். அங்கே அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது யார்? நற்செய்தி பெயர் சொல்லவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் கதவைத் திறந்திருப்பார். அந்நியரை ஏற்றுக்கொண்டவர் தம்மையே ஏற்றுக்கொண்டதாக ஆண்டவர் சொல்வது அந்த வீட்டாருக்கும் பொருந்தும்.

இன்றும் நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு ஒரு குடும்பம் அலைகிறது. பிழைப்புக்காக வந்த வடநாட்டுத் தொழிலாளி நிற்கிறார். இலங்கையிலிருந்து வந்தவர் காத்திருக்கிறார். "உங்களுக்கு இங்கே யாரைத் தெரியும்?" என்றுதான் எல்லாரும் அவர்களைக் கேட்கிறார்கள். "என்னைத் தெரியும்" என்று சொல்ல நம்மில் ஒருவர் முன்வருவாரா?

குயில் தோப்புக்குப் போகிறவர்கள் கவிஞரை நினைக்கட்டும். நிழல் தந்தவரையும், கையெழுத்திட்டவர்களையும் சேர்த்து நினைக்கட்டும். அந்தத் துணிவை இறைவன் நமக்கும் தருவாராக. ஆமென்.